பதினான்கு கிலோ

மைனஸ் இரண்டு, என்கிறது லிஃப்ட்,
கடன்காரியிடம் மிச்சம் சொல்கிற குரலில்.
கதவு திறந்தால் என் ராச்சியம்:
ஒரு தராசு, ஒரு அழுத்தும் இயந்திரம்,
பதினேழு சக்கரத் தொட்டிகள்.
வெளியே லீட்ஸ் நகரம். பக்கத்தில் ஆறு.
ஆற்றின் பெயர் ஏர்.
எதையும் உழுது நான் பார்த்ததில்லை.

என் தலைக்கு மேல்
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
மூன்று மாடிக்குச் சட்டத்தரணிகள்,
ஒரு பல் வைத்தியர், ஒரு சூஷிக் கடை,
நாய்களுக்கு முடிவெட்டும் ஒரு இடம்.
யாருடைய முகமும் எனக்குத் தெரியாது.
ஆனால் கிழக்குக் குழாயில்
யாரோ குடியை விட்டுவிட்டார்கள்.
திங்கள் காலையில் போத்தல் உடையும் சத்தம்
மார்ச்சிலிருந்து இல்லை.
கண்ணாடியைக் குழாயில் போடாதீர்கள் என்று
நாலு மொழியில் ஒட்டியும் நிற்காத சத்தம்.

சட்டத்தரணிகள் காகிதத்தை
இடியப்பமாய்ப் பிழிந்து அனுப்புவார்கள்.
நடுவில் பாதி குடித்த கோப்பி.
குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்பார்கள்.
இங்கே பால்தான் நஞ்சு.
ஒரு மிடறு கசிந்தால் மூட்டை முழுவதும் கெட்டது,
லொறிக்காரன் தொடமாட்டான்.
நானும் தெஸ்ஃபாயும் கையுறையோடு குந்தியிருந்து
ஈரத்தை உலர்விலிருந்து பிரிப்போம்,
அவன் அஸ்மராவின் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் பேச.

வரவேற்புக் கூடத்தில் ஒரு திரை இருக்கிறது.
பச்சை இலை ஒன்று சுழன்று சுழன்று
நூறு என்கிற எண்ணாக மாறும்:
குப்பைமேட்டுக்கு எதையும் அனுப்பாத கட்டடம்.
பொய் இல்லை.
நூறில் நாற்பத்தொன்று எரிகிறது, அவ்வளவுதான்.
எரிப்பது வேறு, புதைப்பது வேறு.
ஆற்றுக்கு அப்பால் நிற்கிற அந்தப் புகைபோக்கி
என் சமையலறை யன்னலுக்குத் தெரியும்.
வெறும் நீராவி என்று கடிதம் போட்டிருந்தார்கள்.
நம்புகிறேன்.
காயப்போட்ட துணியை மட்டும்
உள்ளே எடுத்துக்கொள்வேன்.

நவம்பரில், ஒரு வியாழக்கிழமை,
ஒன்பதாம் மாடிக் கம்பனி இல்லாமல் போனது.
விமானச் சீட்டுகளில் எது மலிவு என்று
ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த கம்பனி.
முந்நூற்று நாற்பது கதிரைகள் கீழே வந்தன,
தாங்களே உருண்டு வந்ததுபோல.
ஒன்றின் முதுகில் ஒரு கம்பளிச் சால்வை,
ஒன்றின் கைப்பிடியில் நகத்தால் கீறிய கோடுகள்,
ஐந்து ஐந்தாக.

என் தாளில் உலோகம் உண்டு, பிளாஸ்டிக் உண்டு,
கலப்பு என்று ஒரு பெரிய கட்டம் உண்டு.
இன்னும் நன்றாக இருக்கிறது
என்பதற்குக் கட்டம் இல்லை.
அறுபதை ஒரு தேவாலயத்து வான் கொண்டுபோனது.
மிச்சத்தைக் கத்தியால் கிழித்தோம்,
பஞ்சு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம்.
நாலு நாள். தெஸ்ஃபாய் பேசவில்லை.
கடைசிக் கதிரையைத் தராசில் வைத்தான்,
பதினான்கு கிலோ,
இறக்கினான், இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு
உட்கார்ந்தான்.
நான் தாளைப் பார்த்தேன்.
பேனாவை மூடினேன்.

ஜனவரியில் கணக்காய்வாளர் வந்தார்,
மிஸ் ஓல்ட்ராய்ட், நனைந்த கோட்டோடு.
தராசுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
ஒன்பதாம் மாடியில் பதினான்கு கிலோ இடிக்கிறதே?
புதைக்கவில்லை என்றேன்.
எரித்தீர்களா? இல்லை.
உருக்கக் கொடுத்தீர்களா? இல்லை.
அப்படியானால் அது எங்கே போனது?
எங்கும் போகவில்லை என்றேன்,
அது உண்மை.
மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார்.
முழங்காலைத் தடவினார்.
சுற்றிப் பார்த்துவிட்டுக்
கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
நெம்புகோலைத் தொட்டதும் அது ஸ்ஸ் என்று
அவர் உயரத்துக்குத் தாழ்ந்தது.
நல்ல கதிரை, என்றார்.
தெஸ்ஃபாய் கூரையைப் பார்த்தான்.
நிறுவைப் பிழை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

அவர் எழும்புவதற்கு முன்னால்
கிழக்குக் குழாயில் எதுவோ இறங்கியது,
பதினெட்டு மாடியின் நீளத்துக்கு மோதி மோதி.
கண்ணாடி.
நான் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனேன்.